ஊருக்குப் போகும் மருந்துப் பை

ஏப்ரல் பிறந்துவிட்டால் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். கொடைக்கானலா, ஏற்காடா, இல்லை ராமேஸ்வரம் காசி என்று புண்ணியமாகவே போய்விடலாமா? இடம் முடிவாகி, டிக்கெட் எடுத்து, துணிமணி அடுக்கி, முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டு, கிளம்புகிற நாளுக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கு யாராவது ஒருவர் கேட்பார்: “மருந்துப் பை எடுத்து வச்சாச்சா?” அப்போதுதான் அலமாரி மேல்தட்டில் தேடுதல் நடக்கும். பாதி தீர்ந்த தைலம், காலாவதியான மாத்திரை அட்டை, காய்ந்துபோன ஆயின்மென்ட், நாலு பிளாஸ்திரி. எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் போட்டால் வேலை முடிந்தது.

அந்தப் பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று டாக்டர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். அது என் வேலை இல்லை. அதற்குள் இருக்கும் சாமான்கள் எங்கிருந்து வந்தன, எப்போது நுழைந்தன, எவை சத்தமில்லாமல் வெளியே போயின என்பதைக் கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததில் எனக்குப் பட்டது இதுதான்: பையில் நாம் எதற்கு முதல் இடம் தருகிறோமோ அது உயிர் காக்கும் சாமான் இல்லை. உயிர் காக்கிற சாமானைப் பாதிப் பேர் வைப்பதே இல்லை. அது எது என்று பிறகு சொல்கிறேன்.

நம் பாட்டிமார்களிடம் தனியாக மருந்துப் பெட்டி என்று ஒன்று கிடையாது. அஞ்சறைப் பெட்டியே மருந்துப் பெட்டி. வண்டி கட்டிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்குப் போனாலும் ஒரு சுருக்குப் பையில் சுக்கு, மிளகு, ஓமம், பெருங்காயம், மஞ்சள் துண்டு, சுட்டு வைத்த வசம்பு இருக்கும். வசம்பு என்று பெயர் சொல்லக்கூட மாட்டார்கள், ‘பிள்ளை வளர்ப்பான்’ என்பார்கள். குழந்தைக்கு வயிறு உப்பினால் ஓமம், இருமினால் மிளகு. காயம் பட்டால் மஞ்சள். பயந்து அழுதால் விபூதி. போகிற இடமும் பத்து இருபது மைல்தான். அங்கேயும் ஒரு சித்தியோ அத்தையோ இருப்பார்கள், அவர்களிடமும் அதே அஞ்சறைப் பெட்டி இருக்கும். ஆகவே தனிப் பெட்டிக்கு அவசியம் ஏற்படவில்லை.

அவசியத்தை உண்டாக்கியது ரயில். வீட்டிலிருந்தும் வைத்தியரிடமிருந்தும் மனிதனை ஒரே ராத்திரியில் முந்நூறு மைல் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்ட முதல் வாகனம் அது. கடையில் விலைக்குக் கிடைக்கும் முதலுதவிப் பெட்டி பிறந்ததும் ரயிலில்தான். 1888-ல் அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான ராபர்ட் உட் ஜான்சன், ஓய்வுக்காக கொலராடோ பக்கம் ரயிலில் போய்க்கொண்டிருந்தார். அதே ரயிலில் அந்த ரயில்வே கம்பெனியின் தலைமை அறுவை மருத்துவரும் பயணம் செய்தார். மலையைக் குடைந்து தண்டவாளம் போடும் கூலிகளுக்கு அடிபட்டால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகவே பல மணி நேரம் ஆகிறது, அதற்குள் காயம் சீழ் பிடித்துவிடுகிறது என்று அவர் வருத்தப்பட்டார். அந்தப் பேச்சிலிருந்து கிருமி நீக்கிய பஞ்சும், காஸ் துணியும், கட்டுத்துணியும் வைத்த பெட்டி உருவானது என்று அந்தக் கம்பெனியே தன் வரலாற்றில் சொல்கிறது. குடும்பங்கள் சுற்றுலாவுக்கு எடுத்துப் போகும் பெட்டியின் பாட்டன், சுற்றுலா போன ஒருவர் கேட்ட கூலிக்காரர் கதையில் பிறந்தது எனக்கு விசேஷமாகப் பட்டது.

‘முதலுதவி’ என்ற எண்ணமே அதற்குப் பத்து வருஷம்தான் மூத்தது. லண்டனில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் 1877-ல் தொடங்கியது. மறு வருஷம் பீட்டர் ஷெப்பர்ட் என்ற ராணுவ டாக்டர், டாக்டர் அல்லாத சாதாரண ஜனங்களுக்கு வகுப்பு எடுத்தார். கட்டுப் போடுவது எப்படி, ரத்தம் நிறுத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கப் புத்தகமும் எழுதினார். 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஜூலு யுத்தத்தில் இசாண்டில்வானா என்ற இடத்தில் கொல்லப்பட்டார். நாம் பள்ளிக்கூடத்தில் சாரணர் வகுப்பில் முக்கோணத் துணியை மடித்து, பக்கத்துப் பையனின் கையைத் தூளி கட்டி விளையாடினோமே, அந்தப் பாடத்தின் வேர் அங்கே இருக்கிறது.

இதே காலத்தில் லண்டனில் பரோஸ், வெல்கம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் மருந்துப் பொடியை அழுத்தி வில்லையாக்கி விற்றார்கள். அதற்கு முன் ஊர் ஊராகப் போகிறவன் புட்டிகளையும் தராசையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வில்லை வந்த பிறகு ஒரு சின்னப் பெட்டியில் ஒரு டிஸ்பென்சரியே அடங்கியது. ஆப்பிரிக்கக் காடுகளில் அலைந்த ஸ்டான்லி அந்தப் பெட்டியைத்தான் கொண்டுபோனார். அந்த வில்லைக்கு 1884-ல் அவர்கள் பதிவு செய்த பெயர் ‘டேப்ளாய்ட்’. சுருக்கி அடக்கிய எதற்கும் ஜனங்கள் அந்தப் பெயரை வைக்க ஆரம்பித்து, கடைசியில் சின்ன அளவுச் செய்தித்தாளுக்கு ஒட்டிக்கொண்டது. காலையில் நாம் புரட்டுகிற பரபரப்புப் பேப்பரின் பெயர் ஒரு மாத்திரையின் பெயர்.

இங்கே நான் வேலை பார்த்த தபால் துறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. மலைப்பக்கம் போகிறவனுக்கு அந்தக் காலத்தில் பெரிய பயம் மலேரியா. மருந்து கொய்னா. தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா மரக் கன்றுகளையும் விதைகளையும் கொண்டுவந்து 1860 வாக்கில் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டார்கள். மார்க்கம் என்ற அதிகாரி கொண்டுவந்ததை, ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் வளர்த்துக் காட்டினார். நடுவட்டத்தில் கொய்னா தயாரிக்க அரசாங்கத் தொழிற்சாலையே நடந்தது. மருந்து வந்துவிட்டது, ஆனால் கிராமத்தானிடம் எப்படிக் கொண்டுபோவது? 1892-ல் வங்காளத்தில் தபாலாபீஸ் வழியாக விற்க ஆரம்பித்தார்கள். ஒரு பொட்டலம் காலணா. தபால் கார்டு வாங்குகிற ஜன்னலிலேயே கொய்னா. பிறகு மற்ற மாகாணங்களுக்கும் அது பரவியது. நான் சேர்ந்த காலத்தில் அதெல்லாம் பழங்கதையாகிவிட்டது. ஆனாலும் ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் பஸ் நடுவட்டத்தில் நிற்கும்போது, மற்றவர்கள் டீ குடிக்க இறங்க, நான் மட்டும் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.

நம் பையில் அசைக்க முடியாத முதல் இடம் தலைவலித் தைலத்துக்குத்தான். அதன் கதையும் சுவையானது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் ஆந்திரத்திலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர். 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தை ஆரம்பித்தார். சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கப்படுத்தினார் என்று சொல்வார்கள். கச்சேரிக்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கப் போவதில்லை. வந்த பணத்தில் ‘ஆந்திர பத்ரிகா’வைத் தொடங்கினார். சென்னைக்குக் குடிவந்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். 1937-ல் ராயலசீமைத் தலைவர்களும் கடலோர ஆந்திரத் தலைவர்களும் செய்துகொண்ட ஸ்ரீபாக் ஒப்பந்தம், சென்னையில் அவர் வீட்டில்தான் கையெழுத்தானது. ‘ஸ்ரீபாக்’ என்பது அந்த வீட்டின் பெயர். மயிலாப்பூர் லஸ்ஸில் காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் சுற்றிவரும் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில் இருப்பதுதான். ஒரு மஞ்சள் தைலம் பத்திரிகை நடத்தியது, ஒரு மாநிலம் உருவாகவும் கொஞ்சம் உதவியது.

சுற்றுலா என்றாலே நினைவுக்கு வரும் இன்னொரு சமாசாரம் பஸ்ஸில் வாந்தி. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டும், புளிப்பு மிட்டாயைச் சப்பிக்கொண்டும், ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டும் சமாளித்த தலைமுறை நாம். இதற்கான மாத்திரை தற்செயலாகக் கிடைத்தது. 1947-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு உடம்பு தடிப்புக்கு வைத்தியம் செய்ய ஒரு பெண்மணி வந்தார். ஒவ்வாமைக்கு ஒரு புது மருந்து கொடுத்தார்கள். தடிப்பு இருக்கட்டும், டிராம் வண்டியில் ஏறினாலே குமட்டுமே, அது நின்றுவிட்டது என்றார் அவர். டாக்டர்கள் கே, கார்லினர் இருவரும் விடவில்லை. அந்த வருஷக் கடைசியில் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்குப் போன ராணுவக் கப்பலில், கொந்தளிக்கும் அட்லாண்டிக் கடலில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை வைத்துப் பரிசோதித்தார்கள். நம் ஊரில் மலை ஏறுமுன் போட்டுக்கொள்கிற அவோமினும் அதே மாதிரி ஒவ்வாமை மருந்து வழியில் வந்ததுதான். அரை மணி, ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். வாந்தி எடுத்தபின் போட்டு ஒன்றும் ஆகாது. தூக்கம் வரும். அதனால் கார் ஓட்டுகிறவர் தொடக்கூடாது. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. இந்த மாத்திரையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

பிளாஸ்திரியின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1920-ல் எர்ல் டிக்சன் என்ற பஞ்சு கொள்முதல் செய்கிற குமாஸ்தா, சமையலில் அடிக்கடி விரலை நறுக்கிக்கொள்ளும் மனைவிக்காக, ஒட்டும் பட்டையின் நடுவில் காஸ் துண்டு வைத்துத் தயார் செய்தார். அவர் வேலை பார்த்ததும் அதே ஜான்சன் கம்பெனி. பின்னாளில் அங்கேயே துணைத் தலைவரானார். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பையை விட்டு வெளியே போனவற்றைப் பார்ப்போம். முட்டியில் சிராய்ப்பு என்றால் ‘சிவப்பு மருந்து’ தடவுவார்கள், மெர்க்குரோகுரோம். 1918-ல் வந்தது. எரியாது, சிவப்பாகத் தெரியும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெருமையாகக் காட்டிக்கொள்ளலாம். ஆனால் அதில் பாதரசம் இருக்கிறது. 1998-ல் அமெரிக்க அரசு அதைப் பாதுகாப்பான மருந்துகள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. டிங்சர் அயோடின் போட்டால் தெருவே கேட்கும்படி அலறுவோம். 1950-களில் போவிடோன் அயோடின் என்ற எரியாத வகை வந்ததும் அதுவும் ஒதுங்கியது. குழந்தைகளுக்கு ஜுரத்துக்கு ஆஸ்பிரின் கொடுத்ததுண்டு. 1963-ல் ஆஸ்திரேலியாவில் ரே என்ற டாக்டர் ஈரலையும் மூளையையும் தாக்கும் ஒரு நோயை விவரித்தார். வைரஸ் ஜுரத்தில் ஆஸ்பிரின் கொடுத்த குழந்தைகளுக்கு அது வருகிறது என்று பின்னால் தெரிந்து, 1980-களில் நிறுத்தினார்கள். நமக்கு டெங்குவும் இருப்பதால், இது எந்த ஜுரம் என்று தெரியாதவரை பெரியவர்களுக்கும் அது வேண்டாம். பாரசிட்டமால் போதும்.

தீக்காயத்துக்கு இங்க் ஊற்றியது, தோசை மாவு அப்பியது, பற்பசை தடவியது எல்லாம் இன்னும் முழுசாக ஒழியவில்லை. குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுவதுதான் முதல் வைத்தியம். அதற்குப் பையே வேண்டாம். ஆனால் சும்மா தண்ணீரில் காட்டுவதா, எதையாவது தடவு என்று நம்மவர்களுக்குக் கை பரபரக்கும்.

பாம்புக்கடி விஷயத்தில் இந்தக் கைப் பரபரப்பு அறிவாளிகளையே பிடித்தது. 1904-ல் சர் லாடர் பிரன்டன் என்ற பெரிய மருத்துவர், மரப்பிடிக்குள் ஒரு சின்னக் கத்தியும் பெர்மாங்கனேட் குருணையும் அடங்கிய ஒரு கருவியைச் சிபாரிசு செய்தார். கடிபட்ட இடத்தைக் கீறி, குருணையைத் தேய்க்க வேண்டும். இந்தியாவில் சுற்றிய துரைமார்கள் பலர் பையில் அது இருந்தது. இன்று கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, அசையாமல் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்கிறார்கள். 2008-லிருந்து நமக்கு 108 இருக்கிறது. மருந்து, மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கும் விஷத்திலிருந்து தயாராகி, ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பையில் வைக்கக்கூடியது இல்லை.

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன சாமானுக்கு வருகிறேன். உப்பு சர்க்கரைப் பொட்டலம். ஓஆர்எஸ் என்று மருந்துக் கடையில் கிடைப்பது.

திருவிழா ஊர்களின் எல்லையிலும் ரயில் நிலையத்திலும் நிற்கவைத்து காலரா ஊசி போட்டு அனுப்பிய காலம் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். யாத்திரை போனவர் திரும்பி வந்தால்தான் நிச்சயம். வாந்திபேதியில் மனிதன் சாவது கிருமியால் இல்லை, தண்ணீர் வற்றிச் சாகிறான். அப்படித் தண்ணீர் வற்றுகிற உடம்புக்கு நம் வீடுகளில் என்ன சொன்னார்கள்? “வயித்தால போகுது, தண்ணி குடுக்காதே” என்றார்கள். எத்தனை வீடுகளில் எத்தனை குழந்தைகள் தாகத்தோடு போயின என்று கணக்கு எழுதியவர் யாரும் இல்லை. அதே வீட்டில், இரண்டு நாள் கழித்து, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் கொடுத்தார்கள். அது சரியான வைத்தியம். ஆனால் தாமதமாக வந்த வைத்தியம்.

குடிக்கிற தண்ணீராலேயே காலராவைச் சமாளிக்கலாம் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர் கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி. 1953-ல் லான்செட் பத்திரிகையில் எழுதினார். 186 நோயாளிகள். முதலில் வாந்தியை நிறுத்த ஒரு மாத்திரை, பிறகு உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீர். அந்த மாத்திரை எது தெரியுமா? அவோமின். பேதியைக் கட்டுப்படுத்த ஓமவல்லி இலைச் சாற்றையும் அவர் கொடுத்துப் பார்த்தார், நம் வீட்டுக் கொல்லையில் சளிக்குப் பறிக்கிறோமே அதே கற்பூரவல்லி. மேல்நாட்டார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே கல்கத்தாவில் 1959-ல் சம்புநாத் டே, காலராக் கிருமி ஒரு நச்சைச் சுரந்து குடலிலிருந்து தண்ணீரைக் கொட்டவைக்கிறது என்று நிரூபித்தார். 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர், குடல் சுவரில் சர்க்கரையும் உப்பும் கைகோத்துக்கொண்டு உள்ளே போகின்றன என்றார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நச்சு ஒரு பக்கம் தண்ணீரை வெளியே தள்ளினாலும், சர்க்கரை திறக்கும் கதவு கெடுவதில்லை. அந்த வழியே உப்பு போகும், உப்பின் பின்னால் தண்ணீர் போகும். வெறும் தண்ணீர் மட்டும் கொடுத்தால் உள்ளே நிற்காததும், உப்புக் கஞ்சி நின்றதும் இதனால்தான். 1968-ல் டாக்காவில் நலின், கேஷ் என்ற இரண்டு இளம் டாக்டர்கள் கடுமையான காலரா நோயாளிகளுக்கே இதைக் கொடுத்து வென்றார்கள். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குள், தேர்ந்த ஆட்கள் மேற்பார்வையில். வெளியே செல்லுமா என்று பலரும் நம்பவில்லை.

1971-ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். வங்காள எல்லையில் பன்காவ் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு அறைகள், தரையெல்லாம் காலரா நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. அங்கே அனுப்பப்பட்ட திலீப் மகாலனாபிஸ் என்ற டாக்டர், கழிவில் மண்டியிட்டுத்தான் ஊசி போட வேண்டியிருந்தது என்று பிற்பாடு சொன்னார். சலைன் தீரும், ஏற்றிவிட ஆளும் இல்லை. அவர் ஒரு முடிவு எடுத்தார். கல்கத்தாவில் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் நிறுத்து, பாலிதீன் பையில் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி, பன்காவுக்கு அனுப்பினார்கள். லிட்டருக்கு குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம். பெரிய டிரம்மில் கரைத்துக் குழாய் வைத்தார்கள். பிடித்துக் கொடுத்தது நர்ஸ் இல்லை. அம்மா, தங்கை, பக்கத்தில் இருந்த உறவினர். சலைன் என்றால் ஜனங்களுக்கு நம்பிக்கை உண்டு என்பதால் இதை ‘வாயால் குடிக்கும் சலைன்’ என்றார் மகாலனாபிஸ். முன்பு நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், அந்தக் கரைசல் கிடைத்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 3.6 பேர்.

அவர் கட்டுரையைப் பிரசுரிக்கவே முதலில் தயங்கினார்களாம். 1978-ல் அதே லான்செட், இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்ற பொருளில் தலையங்கம் எழுதியது. மகாலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். 2023-ல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள், அவர் இல்லாதபோது. அன்று செய்தித்தாளில் நான் பார்த்த அளவில் அவருக்கு நாலு வரி கிடைத்தது.

ஆகையால் என் சிபாரிசு: தைலத்தைப் பக்கவாட்டு ஜிப்பில் தள்ளிவிட்டு, நடு அறையில் இந்தப் பொட்டலத்தை வையுங்கள். இருவர், நால்வர் போகும் நாலைந்து நாள் பயணத்துக்கு ஆறு பொட்டலம் தாராளம். வாங்கும்போது அட்டையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று போட்டிருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பாருங்கள். அதே பெயரில் சர்க்கரை அதிகமான ஜூஸ் டப்பாக்கள் கடைகளில் இருந்தன. 2025 அக்டோபரில்தான் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உத்தரவு போட்டது. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டி அரை டம்ளரில் கரைப்பது கூடாது, உப்பு அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி. தாய்ப்பால், சாப்பாடு நிறுத்த வேண்டாம். ரத்தம் கலந்து போனாலோ, குழந்தை துவண்டு விழுந்தாலோ, குடித்தது எதுவுமே நிற்காவிட்டாலோ பொட்டலத்தை நம்பி உட்கார்ந்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பொட்டலம் இல்லாத ஊரில் மாட்டிக்கொண்டால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் டீ ஸ்பூனால் தலைதட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. கரைத்ததும் நீங்களே ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரை விட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கரைக்க வேண்டும்.

பை எங்கே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். பஸ் டிக்கியில் பூட்டிய பெட்டிக்குள் மருந்து இருந்து பயனில்லை. வீட்டு அம்மாவின் கைப்பையில், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு சேர்ந்து இருக்கட்டும்.